நோயில்லாதவளுக்கு ஆறு வாரம் லீவு

நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டே இதை எழுதுகிறேன். பத்து மீன் கிள்ளினால் ஒரு வரி. தாளில் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் கையைக் கழுவிக்கொண்டிருந்தால் கருவாட்டுச் சம்பாலும் ஆகாது, கதையும் ஆகாது.

எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை நாற்றுகளின் நர்சரி வேலை என்பது கறுப்புப் பையில் மண்ணை அள்ளிப் போடுவது, போட்ட பையைத் தூக்கி வரிசையில் வைப்பது, வைத்த பையை எங்களை வேலை வாங்கும் மண்டோர் எண்ணும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பது. இந்த மூன்றாவது வேலையில் என்னை மிஞ்ச எங்கள் தோட்டத்தில் ஆள் கிடையாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தேன். டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். இப்போது நாலு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு வாய் ஓயாது. எனக்குச் சேர வேண்டியதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

எங்கள் தோட்டம் கோல சிலாங்கூர் பக்கம். என் அண்ணன் சுங்கை செம்பிலாங்கில் மீன் லோரி ஓட்டுகிறவர். அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் மிஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்து வந்தார். அண்ணிக்குச் சர்க்கரை, அதனால் அவர் கொடுக்கக்கூடாது என்றார்கள். என்னைச் சோதித்துப் பார்த்ததில் பொருந்தியது. அண்ணன் வேண்டாம் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாவிட்டால் முடிவு செய்துவிட்டேன் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கொடுப்பதற்கு எனக்குப் பயமில்லை. லீவு கேட்பதற்குத்தான் பயம். ஆப்பரேஷன் முடிந்து ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். எங்கள் வேலையே கனம் தூக்குவதுதான். வேலைக்கு வந்தால் காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பேர் விழும், பேர் விழுந்தால்தான் சம்பளம். தோட்டம் கொடுத்த லயத்து வீடும் என் பேரில்தான், ஏனென்றால் என் கணவருக்குத் தோட்டத்தில் வேலை இல்லை, புக்கிட் செந்தோசாவில் பேக்டரி. சேர்ந்தாற்போல் ஒரு மாதம் பேர் விழாவிட்டால் வீட்டுச் சாவியை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும் என்பது எங்கள் தோட்டத்துச் சட்டம். அண்ணனுக்கு ஒரு கிட்னி கொடுத்தால் தோட்டத்துக்கு ஒரு வீட்டைக் கொடுக்க வேண்டியிருக்கும் போலிருந்தது. லீவு கேட்கப் போய் நாக்கு ஒட்டிக்கொண்டவர்கள் உங்களில் பல பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இது.

ஐந்து ஜோடி கையுறை

முதலில் மண்டோரிடம் சொல்ல வேண்டும். எங்கள் மண்டோர் முனியாண்டி அண்ணன் நல்ல மனுஷன்தான், குரல் மட்டும் லோரி ஹாரன். காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் போய் நிற்பேன். "என்னம்மா செல்வி?" என்பார். மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்க்கும். "கையுறை கிழிஞ்சிருச்சுண்ணே" என்பேன். ஒரு ஜோடி எடுத்துக் கொடுப்பார். வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். திங்கள் முதல் வெள்ளி வரை இதே கதை. வீட்டில் ஐந்து ஜோடி புதுக் கையுறை சேர்ந்துவிட்டது. என் கணவர் ஒன்றை மாட்டிப் பார்த்து, "ஆப்பரேஷனை நீயே பண்ணப் போறியா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை மகளுடைய படம் வரையும் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, 'ஆறு வாரம் லீவு வேண்டும், ஆஸ்பத்திரி' என்று எழுதி மண்டோர் கையில் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தேன். அவர் தாளைப் படித்தார். என் வயிற்றைப் பார்த்தார். "எத்தனாவது மாசம்?" என்றார். நான் இல்லை என்று தலையை ஆட்ட ஆட்ட, அவர் வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். என்னோடு ஜோடியாக மண் அள்ளும் பரமு அக்காவுக்கு விஷயம் தெரியும். அவர்தான் வந்து புரியவைத்தார். முனியாண்டி அண்ணன் அன்றைக்குத்தான் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்: "ஆறு வாரம் லீவு கேட்ட பொம்பளைங்க எல்லாம் போகும்போது ஒரு ஆளு, வரும்போது ரெண்டு ஆளு. நீ என்னம்மா, முழுசாப் போயி குறைஞ்சு வரேங்கிற?"

கம்ப்யூட்டர் கேட்டது

மண்டோர் என்னை ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியிடம் கூட்டிப்போனார். கிராணி என்றால் மூக்குக்கண்ணாடியும் பெரிய நோட்டும் என்று நினைக்காதீர்கள். எங்கள் கிராணி தினேஷ் தம்பிக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை, எல்லாம் கம்ப்யூட்டரில்தான். "லீவுக்கு ரீசன் செலக்ட் பண்ணணும்க்கா. ரீசன் இல்லாட்டி சிஸ்டம் அடுத்த பக்கம் போவாது" என்றார். ஐந்து ரீசன் இருந்தது. ஒவ்வொன்றாகப் படித்தார்.

"சொந்த நோய்?"

"நோய் இல்ல தம்பி. நோய் இருந்தா என்னோடதை எடுக்கவே மாட்டாங்க."

"வேலையில அடிபட்டது?"

"இல்ல."

"பிரசவம்?" பின்னால் நின்ற மண்டோர் இருமினார்.

"சரி, குடும்பத்துல சாவு. யாருக்கா செத்தாங்க?"

"யாரும் சாகாம இருக்கத்தான் தம்பி லீவு."

சொல்லிவிட்டு நானே பயந்துபோனேன். ஆபீசுக்குள் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. மிச்சம் இருந்தது புனித யாத்திரை. தினேஷ் அம்புக்குறியை அதன்மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். நானும், ஆஸ்பத்திரியில் பிள்ளையார் சிலை ஏதாவது இருக்குமா என்று யோசித்தேன். கடைசியில் அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "சிஸ்டத்துல நல்ல மனசுன்னு ஒரு கட்டம் இல்லக்கா. நான் என்ன லா பண்றது?"

வாங்குகிறவர் யார், கொடுக்கிறவர் யார்

ராவாங் பக்கம் ஒரு நலச்சங்கம் கிட்னி போனவர்களுக்கு அரிசி பருப்பு, ஆஸ்பத்திரி போய்வர வண்டிச் செலவு எல்லாம் கொடுக்கிறது என்று என் கணவர் கேள்விப்பட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போனோம். மேசையில் ஒரு அம்மா இருந்தார். ரொம்ப அன்பானவர். மகளுக்கு பிஸ்கட் கொடுத்தார், எனக்கு டீ கொடுத்தார், அப்புறம் எழுதி நிரப்புகிற பாரத்தை எடுத்தார். நோயாளி பேர் என்ன என்றார். அண்ணன் பேரைச் சொன்னேன். "அவருக்கு ஏற்கெனவே பதிஞ்சாச்சேம்மா. நீங்க யாரு?" என்றார். "கொடுக்கிறவ" என்றேன்.

ஆறு வாரம் என் சம்பளம் வராது, தன் ஒருத்தர் சம்பளத்தில்தான் குடும்பம் ஓட வேண்டும், வீட்டு வாடகை இல்லாவிட்டாலும் மற்ற செலவெல்லாம் இருக்கிறது என்று என் கணவர் விளக்கினார். அந்த அம்மா பாரத்தை முன்னும் பின்னும் புரட்டினார். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். வாங்குகிறவருக்கு எட்டுப் பக்கம் பாரம் இருக்கிறது, கொடுக்கிறவருக்கு ஒரு வரிகூட இல்லையாம். அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. இன்னொரு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க போயி கிட்னியைக் குடுத்துட்டு வாங்கம்மா. அதுக்குள்ள உங்களுக்கு என்ன பேர் வைக்கலாம்னு கமிட்டியில கேட்டு வைக்கிறேன்."

பிரஷர் குக்கர் வாக்குமூலம்

ஆப்பரேஷனுக்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு விசாரணை உண்டு. யாரும் கிட்னியைக் காசுக்கு விற்கக்கூடாது இல்லையா, அதற்காக என்னைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார்கள். மலாய் அம்மா ஒருவர் அதிகாரி. என் மலாய் நடுங்குவதைப் பார்த்து ஒரு தமிழ் நர்ஸைத் துணைக்குக் கூப்பிட்டார். உண்மையை மட்டும் சொல்லணும், பயப்பட வேண்டாம் என்றார்கள். கேள்வி இதுதான்: அண்ணன் உனக்கு ஏதாவது கொடுத்தாரா?

நான் பொய் சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு இரண்டு பவுன் சங்கிலி, பீரோ, பிரஷர் குக்கர் என்றேன். வளைகாப்புக்கு வளையலும் பட்டுச் சேலையும். மகளுக்குக் காது குத்தினபோது தாய்மாமன் மடியில்தானே உட்காரவைப்போம், அன்றைக்குத் தோடு, கொலுசு. தீபாவளிக்குத் தீபாவளி சேலை. பொங்கலுக்குப் பானை, கரும்பு. போன வாரம் இரண்டு கிலோ இறால். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தவர் தாளைத் திருப்பி அடுத்த பக்கத்துக்குப் போனார். "இன்னும் கொடுப்பாரா?" என்றார். "மக பெரிய மனுஷி ஆனா கொடுக்கணும்" என்றேன். "கொடுக்காவிட்டால்?" "சண்டை வரும்" என்றேன். நர்ஸ் முகத்தை ஃபைலால் மறைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான், ஃபைலை ஓரமாக வைத்துவிட்டார்கள். அண்ணனுக்கு ஆள் போனது. மிஷினில் இருந்து எழுந்த கையோடு அவர் என் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு படமாகக் காட்டி, சீர் என்றால் என்ன, தாய்மாமன் என்றால் யார் என்று பாடம் நடத்தியிருக்கிறார். அதிகாரி அம்மா சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆனால் ஆப்பரேஷன் தேதி இரண்டு வாரம் தள்ளிப் போய்விட்டது. வெளியே வரும்போது நர்ஸ் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "கிட்னிக்கு என்ன குடுத்தாருன்னுதான் கேட்டாங்க தங்கச்சி. உன் கல்யாணத்துக்கு என்ன குடுத்தாருன்னு கேக்கல."

நாற்று கேட்காத கேள்வி

இரண்டு வாரம் தள்ளியதில் ஒரு நல்லது நடந்தது. தினேஷ் தம்பி அதற்குள் கம்ப்யூட்டரைக் குடைந்து, சொந்த நோய் என்ற கட்டத்துக்கு அடியில் 'வார்டில் சேர்ந்தது' என்று இன்னொரு சின்னக் கட்டம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். டாக்டர் கடிதமும் மேனேஜர் கையெழுத்தும் இருந்தால் போதும், டாக்டர் எழுதிய நாட்களுக்குச் சம்பளமும் உண்டு, வீடும் நிற்கும். கடிதம் கையில் இருந்தது. மேனேஜர் முன்னால் நான் போய் நிற்க வேண்டும்.

மேனேஜர் மலாய்க்காரர். கெர்லிங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான். நான் என்ன செய்தேன், சொல்ல வேண்டியதை, ஐயா என்பதற்குத் 'துவான்' என்று சேர்த்து, மலாயில் பாடம் செய்து, வேலை நேரத்தில் நாற்றுகளிடம் சொல்லிப் பார்த்தேன். ஒரு வரிசை முழுக்கச் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போவேன். பரமு அக்கா, "கொஞ்சம் சத்தமாச் சொல்லு, பின்னால இருக்கிற கன்னுக்குக் கேக்கல" என்பார். எந்த நாற்றும் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்கவில்லை. மேனேஜர் கேட்டார்.

"நோய் யாருக்கு?"

"என் அண்ணனுக்கு, துவான்."

"அண்ணன் நம்ம தோட்டத்து ஆளா?"

"இல்ல, துவான்."

"அப்போ தோட்டம் ஏன் லீவு கொடுக்கணும்?"

இதற்கு நான் பாடம் செய்திருக்கவில்லை. இடுப்பில் சொருகியிருந்த வீட்டுச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். இது என்ன என்றார். "வீட்டுச் சாவி, துவான். லீவு இல்லாட்டி குடுக்கணும்னு சட்டம். அடுத்த புதன்கிழமை நான் ஆஸ்பத்திரியில இருக்கணும்" என்றேன். அவர் சாவியைப் பார்த்தார், கடிதத்தை இன்னொரு தடவை படித்தார். "வெட்டுறது யார் வயிற்றை?" என்றார். என் வயிற்றை என்றேன். கையெழுத்துப் போட்டு, தாளின்மேல் சாவியை வைத்து என் பக்கம் தள்ளினார். "அப்போ லீவு உனக்குத்தான். சாவியை எடுத்துக்கோ. ஆறு வாரம் கழிச்சு வந்து என் பையை நிரப்பு."

சுறாப்புட்டு

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், தூங்கிவிட்டேன். அண்ணனைத் தனி அறையில் வைத்திருந்தார்கள், யாரும் பார்க்க முடியாது. அவரைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் என் கட்டிலுக்கு வந்து, "அண்ணனுக்குக் குடுத்துரு" என்று பால்மாவு டின்னையும் பழத்தையும் என் கால்மாட்டில் அடுக்கிவிட்டுப் போனார்கள். ஒரு பெரியப்பா, "நீ எதுக்கும்மா படுத்திருக்க?" என்றுகூடக் கேட்டார்.

மூன்றாம் நாள் பரமு அக்காவும் நர்சரியில் நாலு பேரும் வேன் பிடித்து வந்தார்கள். அடுக்குப் பாத்திரத்தைத் திறந்தால் சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சாப்பாடு. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் தையல் வலித்தது. நர்ஸ் வந்து உப்பு, காரம் எல்லாம் விசாரித்துவிட்டு, புட்டு மட்டும் கொஞ்சம் சாப்பிடலாம் என்றார். "நான் பிள்ளையாக்கா பெத்தேன்?" என்று கேட்டேன். பரமு அக்கா ஒரு வாய் அள்ளி என் வாயில் வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்: "ஒரு உசுரு உன் வயித்துலேருந்து வெளிய வந்து இன்னொரு எடத்துல பொழைச்சுக் கெடக்கு. அப்ப இது பிரசவந்தான். பேசாம சாப்பிடு."

காலை நேரத்துப் போன்

வீட்டுக்கு வந்த பிறகு அண்ணன் தினமும் காலையில் போன் செய்வார். நலம் விசாரிக்க இல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு மூத்திரம் போகிறது என்று அளந்து எழுதச் சொல்லியிருந்தார்கள் அவரை. இத்தனை காலம் ஒரு சொட்டுக்கு ஏங்கின மனுஷன், அந்த அளவை யாரிடமாவது சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. சரியாக நாங்கள் பசியாறும் நேரம் பார்த்து, "செல்வி, நேத்து ரெண்டே கால் லிட்டர்" என்பார். என் மகள் போனை ஸ்பீக்கரில் போடக் கற்றுக்கொண்டுவிட்டாள். என் கணவர் ரொட்டியைக் கையில் வைத்தபடி, "மச்சான், சாப்பிட்டுட்டு வந்துர்றேன்" என்பார். ஒருநாள் நானே வாயைத் திறந்து, ஏண்ணே இதையெல்லாம் என்னிடம் சொல்கிறாய் என்று கேட்டேன். "உன் பொருளை வச்சுக்கிட்டு இருக்கேன். ஒழுங்கா வேலை செய்யுதான்னு உனக்குச் சொல்ல வேணாமா?"

கமிட்டி வைத்த பேர்

அந்த நலச்சங்கத்து அம்மா மறக்கவில்லை. இரண்டு மூட்டை அரிசியோடும் எண்ணெய், பருப்போடும் வீடு தேடி வந்துவிட்டார், போய்வந்த வண்டிச் செலவும் ஒரு உறையில் இருந்தது. கையெழுத்துப் போடச் சொன்ன பாரத்தில் 'நோயாளி' என்ற சொல்லைப் பேனாவால் கோடு போட்டு அடித்திருந்தார்கள். மேலே ஒன்றும் எழுதவில்லை. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார். "ரெண்டு கூட்டம் போட்டும் பேர் அமையலம்மா. ஆனா அரிசி குடுக்கிறதுக்கு யாரும் எதிர்ப்பில்ல."

ஸ்பேர் கிடையாது

ஆறு வாரம் முடிந்து பெரட்டுக்குப் போனேன். என் பேரை முனியாண்டி அண்ணன் கூப்பிட்டது பக்கத்துத் தோட்டத்துக்கும் கேட்டிருக்கும். என் வரிசையில் புல் ஒன்று இல்லை, ஆளுக்கொரு நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாளைக்கு நிழலில் உட்கார்ந்து நாற்றுக்குச் சீட்டு எழுதிக் கட்டுகிற வேலை போதும் என்று டாக்டர் கடிதம் கொடுத்திருந்தார். மண்டோர் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எல்லாரையும் பார்த்து அறிவித்தார்: "செல்வி கிட்ட யாரும் பையைத் தூக்கச் சொல்லாதீங்க. அவகிட்ட இனிமே ஸ்பேர் கிடையாது."

தினேஷ் தம்பி ஆறாவதாக ஒரு கட்டம் வேண்டுமென்று தலைமை ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். இன்னும் பதில் இல்லை. அதற்குள் தோட்டத்தில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது, மேனேஜர் முன்னால் சாவியைத் தூக்கி வைத்தவள் இவள் என்று. நான் ஏதோ மேசையைத் தட்டிப் பேசியதுபோல நினைத்துக்கொண்டு மூன்று பேர் என்னைத் துணைக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று பேருக்கும் லீவு கிடைத்தது. நான் பக்கத்தில் நின்றதோடு சரி.

வாசலில் பரமு அக்கா மோட்டாரை அணைக்காமலே கூப்பிடுகிறார். அவர் வீட்டுக்காரருக்குக் கண் ஆப்பரேஷன், அக்காவுக்கு இரண்டு நாள் லீவு வேண்டும், மேனேஜர் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவாராம். ஆக, நான் பட்டதில் உங்களுக்குச் சொல்ல நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு ஆளின் வயிற்றிலிருந்து கிட்னியை எடுக்க டாக்டருக்கு மூன்று மணி நேரம் போதும், அதற்கு ஆபீசிலிருந்து ஒரு கையெழுத்தை எடுக்கத்தான் நமக்கு, இதோ வரேன்க்கா, எடுக்கத்தான் நமக்கு...